கோபத்துக்கு முந்தைய கால் மணி நேரம்

"மூளையில்தான் கோளாறு என்றால் டாக்டர் முன்னால் மட்டும் எப்படி இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறார்? வீட்டுக்கு வந்ததும் என் மேல்தானே பாய்கிறார்?" ஹண்டிங்டன் நோய் வந்தவரின் மனைவி கேட்கக்கூடிய கேள்விகளில் இதைவிட நியாயமானது வேறில்லை. சொந்தக்காரர்கள் இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்வார்கள். ஒரு பக்கத்தார், எல்லாம் நடிப்பு, நாலு பேர் சேர்ந்து மிரட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். இன்னொரு பக்கத்தார், எல்லாம் நோய், உன் தலையெழுத்து, பொறுத்துக்கொள் என்பார்கள். இரண்டும் தவறு, இரண்டும் ஆபத்தானவை. அடிக்கும் வேகம் பழுதான மூளையிலிருந்து வருகிறது. ஆனால் அது எந்த நேரத்தில், யார் மேல், எதைச் சாக்காக வைத்து வெளிப்படுகிறது என்பதைப் பெரும்பாலும் சுற்றியுள்ள நிலைமைதான் தீர்மானிக்கிறது. மூளையை வீட்டாரால் மாற்ற முடியாது, நிலைமையை ஓரளவு மாற்ற முடியும். ஆகவே கோபம் வெடித்த பிறகு என்ன செய்வது என்பதைவிட, வெடிப்பதற்கு முந்தைய கால் மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதில்தான் குடும்பத்தின் கவனம் இருக்க வேண்டும். அதையும் மீறி வருவதற்கு மருந்து இருக்கிறது, சட்டம் இருக்கிறது, வாசற்கதவு இருக்கிறது. பொறுமையாக அடி வாங்குவது சிகிச்சை ஆகாது.

முதலில் நோயைப் பார்ப்போம். 1872இல் ஜார்ஜ் ஹண்டிங்டன் என்ற 22 வயது அமெரிக்க மருத்துவர் இதைப் பற்றிச் சுருக்கமான ஒரு கட்டுரை எழுதினார். பரம்பரையாக வருவது, பெரியவரான பிறகு தலைகாட்டுவது ஆகியவற்றோடு, மனம் பேதலிப்பதும் தற்கொலை நாட்டமும் இதன் தனி அடையாளங்கள் என்று அப்போதே குறித்துவைத்தார். கைகால்கள் தாமாகத் துள்ளுவதைப் போலவே நடத்தை மாறுவதும் இந்த நோயின் உடன்பிறப்பு. பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதல்ல. 1993இல் இதற்குக் காரணமான மரபணுவை நான்காவது குரோமோசோமில் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணுவில் சிஏஜி என்ற மூன்றெழுத்துத் துணுக்கு 40 முறையோ அதற்கு மேலோ தொடர்ந்து வந்தால், வாழ்நாளில் நோய் வந்தே தீரும் என்று கொள்கிறார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கான வாய்ப்பு சரிபாதி. நோய் முதலில் தாக்குவது மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியை. நெற்றிப் பக்க மூளையோடு பின்னிப் பிணைந்த பகுதி அது. எழுந்த உணர்ச்சியை உடனே வெளியே விடாமல் நிறுத்திவைப்பது, ஒரு எண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது, காத்திருப்பது எல்லாம் இந்தப் பிணைப்பின் வேலைகள். அது தேயும்போது கோபத்துக்கும் கைக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு நொடி காணாமல் போகிறது. எரிச்சலும் முன்கோபமும் ஹண்டிங்டன் நோயாளிகளில் 38 முதல் 73 சதவீதம் பேரிடம் இருப்பதாகப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். எதை எரிச்சல் என்று கணக்கிடுவது என்பதில் ஒவ்வொரு ஆய்வும் வேறுபடுவதால்தான் இவ்வளவு பெரிய இடைவெளி. பல பேருக்குக் கைகால் துள்ளல் தெரிவதற்குச் சில ஆண்டுகள் முன்பே சுபாவம் மாறிவிடுகிறது. வேலை போனது, கடன் ஆனது, மைத்துனரோடு சண்டை போட்டது என்று வீட்டார் தனித்தனியாக நினைவு வைத்திருக்கும் பல சம்பவங்கள் நோயின் முதல் அத்தியாயமாக இருந்திருக்கலாம்.

இனி அந்த மனைவியின் கேள்விக்கு வருவோம். மருத்துவமனையில் இருப்பது கொஞ்ச நேரம். எதிரே இருப்பவர் ஒரே ஆள், கேட்பது ஒவ்வொன்றாக, பேசுவது நிதானமாக. அங்கே அவரை யாரும் குளிக்கச் சொல்வதில்லை, சிகரெட்டைப் பிடுங்குவதில்லை, இதை ஏன் செய்யவில்லை என்று கேட்பதில்லை. வீட்டில் இவை அத்தனையும் செய்பவர் மனைவி, அல்லது அம்மா. எழுப்புவதும் தடுப்பதும் மாத்திரை நீட்டுவதும் அவரே என்பதால் வெடிப்பும் அவர் மேலேயே விழுகிறது. இன்னும் நுணுக்கமான காரணங்களும் உண்டு. ஹண்டிங்டன் நோயாளிகளால் பிறர் முகத்தில் உள்ள கோபத்தையும் அருவருப்பையும் சரியாக இனம்காண முடிவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நோய் வெளிப்படாத நிலையில்கூடச் சிலரிடம் இந்தக் குறை தெரிகிறது. மனைவி முகம் சுளித்தால் கணவர் புரிந்துகொண்டு நிறுத்துவார் என்பது கல்யாணமாகி இருபது வருடத்தில் உருவான ஒரு மௌன மொழி. அந்த மொழி அவருக்கு மறந்துபோய்விட்டது, இவருக்கு மறக்கவில்லை. அடுத்தது, கேட்டதை உள்வாங்கிப் பதில் தயாரிக்க அவருக்கு அதிக நேரம் ஆகிறது. அதற்குள் நாம் இரண்டாம் முறை கேட்டால் தயாரிப்பு கலைந்து முதலிலிருந்து தொடங்குகிறது. மூன்றாம் முறை குரலை உயர்த்திக் கேட்கும்போது தட்டு பறக்கிறது. கடைசியாக, தன்னிடம் ஏற்பட்ட மாற்றம் பலருக்கு உண்மையிலேயே தெரிவதில்லை. "நான் எங்கே கத்தினேன்?" என்று அவர் கேட்பதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, தன்னையே கவனிக்கும் திறனும் இந்த நோயில் தேய்கிறது. அதனால் அவரிடம் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கும் முயற்சி எல்லாமே அடுத்த சண்டைக்கான முன்னேற்பாடுதான்.

இதையெல்லாம் பெங்களூரின் ஸ்ரீராம்புரத்தில் வைத்து யோசித்தால்தான் சிக்கலின் அளவு தெரியும். மில் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் நெருக்கி நெருக்கிக் கட்டிக்கொண்டு வளர்ந்த பேட்டை இது. ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். ஒரு கூடம், ஒரு சமையலறை, அதில் ஐந்து பேர் என்பது சாதாரணம். தள்ளாடி நடந்து குழறிப் பேசுபவரைப் பார்த்தால் "காலையிலேயே ஏத்திக்கிட்டு வந்துட்டான்" என்றுதான் தெரு சொல்லும். குடிக்காத மனிதருக்கு அந்தப் பேச்சே போதும், வீட்டுக்குள் நுழையும்போதே கொதித்துக்கொண்டு வருவார். வெளிநாட்டுக் கையேடுகளில் பெரும்பாலானவை நோயாளிக்கென்று ஒரு தனி அறை இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. அமைதியான அறைக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள் என்று அவை சொல்லும்போது, எந்த அறைக்கு என்று இங்குள்ளவர் கேட்டால் பதில் இல்லை. இடத்தால் கிடைக்காத அமைதியை நேரத்தால் உண்டாக்கலாம் என்பது என் பதில். எழுவது, குளிப்பது, சாப்பிடுவது, வெளியே போய்வருவது எல்லாம் தினமும் அதே நேரத்தில், அதே வரிசையில் நடந்தால், அடுத்து என்ன என்று மூளை தேட வேண்டிய சுமை குறைகிறது. காவேரித் தண்ணீர் விடும் நேரத்தில் வீடே ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அவரைக் குளிக்க எழுப்ப வேண்டாம். தெருவில் அண்ணம்மா உற்சவமோ கணபதி பந்தலோ ராஜ்யோத்சவ ஆர்கெஸ்ட்ராவோ வரப்போகிறது என்றால் நாலு நாள் முன்பே தெரிந்துவிடும். அன்று மாலை அவரை ஒலிபெருக்கி எட்டாத உறவினர் வீட்டில் வைப்பதை முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம். டிவி ஓடும்போது பேச வேண்டாம், பேசும்போது டிவி வேண்டாம். பசியை விடவே கூடாது. இந்த நோயில் உடல் எடை குறையும், சாதாரண ஆளைவிட அதிகமான உணவு தேவைப்படும். பகல் பதினோரு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் கொஞ்சம் ஏதாவது வயிற்றில் விழுந்தால் ஓய்கிற சண்டைகள் உண்டு.

எந்தச் சண்டை எதனால் வந்தது என்று நினைவை மட்டும் நம்பிச் சொல்ல முடியாது. நினைவு எப்போதும் அடியைத்தான் வைத்திருக்கும், அதற்கு முன்னால் நடந்த சில்லறை விஷயங்களை விட்டுவிடும். பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்று போதும். நாள், நேரம், அதற்கு முன் கால் மணி நேரத்தில் யார் என்ன சொன்னார்கள், சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆயிருந்தது, தூங்கினாரா, மலம் கழித்து எத்தனை நாள், எப்படி அடங்கியது என்று நாலு வரி எழுதிவந்தால், சில வாரங்களில் ஒரு ஒழுங்கு கண்ணுக்குத் தெரியும். எப்போதும் சாயங்காலம்தான் என்றால் களைப்பு. குளியலின்போது மட்டும் என்றால் வெந்நீரின் சூடோ, விழுந்துவிடுவோம் என்ற பயமோ, பிறர் முன் ஆடை களையும் கூச்சமோ. எந்த ஒழுங்கும் இல்லாமல் சில நாட்களில் திடீரென்று அதிகமானால் முதலில் உடம்பைப் பாருங்கள். பல்வலி, மலச்சிக்கல், சிறுநீர்ப்பாதைத் தொற்று, விழுந்து பட்ட அடி இவற்றை வாயால் சொல்ல முடியாதவர் கையால் சொல்வார். புதிதாகத் தொடங்கிய மருந்தையும் சந்தேகிக்க வேண்டும். துள்ளலைக் குறைக்கத் தரும் டெட்ராபெனசின் சிலருக்கு மனச்சோர்வையும் நிலைகொள்ளாமையையும் உண்டாக்கும். வலிப்புக்குத் தரும் லெவெடிரசிட்டம் எரிச்சலைக் கூட்டலாம். மருத்துவரிடம் போகும்போது இந்த நோட்டு கையில் இருந்தால், பத்து நிமிடச் சந்திப்பில் சொல்ல முடியாததை அது சொல்லிவிடும்.

பேசும் விதத்தை மாற்றுவது செலவில்லாத சிகிச்சை, ஆனால் இதுதான் கஷ்டமானது. "மத்தியானம் என்ன சாப்பிடுறீங்க?" என்ற கேள்வி நமக்கு உபசாரம், அவருக்கு உலகத்தில் உள்ள எல்லா உணவையும் மனதில் நிறுத்தித் தேர்ந்தெடுக்க வேண்டிய பரீட்சை. "சப்பாத்தி வேணுமா, சோறு வேணுமாங்க?" என்றால் வேலை பாதியாகிறது. கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருக்க வேண்டும், அந்த மௌனம் நமக்கு எவ்வளவு நீளமாகத் தோன்றினாலும். "வேண்டாம்", "கூடாது", "எத்தனை தடவை சொல்றது" என்று தொடங்கும் வாக்கியங்களை வீட்டிலிருந்தே விலக்கலாம். வண்டிச் சாவி கேட்டால், இனி வண்டி ஓட்டக் கூடாது என்பதைவிட, "வண்டி மெக்கானிக்கிட்ட இருக்கு, வாங்க ஆட்டோவுல போலாம்" என்பது பல நாள் சமாதானத்தைக் காப்பாற்றும். வண்டி அதற்கு முன்பே நிஜமாகவே தெருவை விட்டுப் போயிருக்க வேண்டும். ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பது இந்த நோயின் குணம். பழுதான மூளை அந்த எண்ணத்திலிருந்து வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்கிறது. வாதம் செய்வது அதை இன்னும் இறுக்கும். பதிலை ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டிவைத்து, கேட்கும்போதெல்லாம் அதைக் காட்டுவது வாய்ச்சண்டையைக் குறைக்கும்.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழும். இப்படி எல்லாவற்றுக்கும் வளைந்துகொடுத்தால் தலைக்கு மேல் ஏறிவிட மாட்டாரா, அடித்தால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்ள மாட்டாரா? கற்றுக்கொள்ளும் ஆபத்து உண்மையானதுதான், அதை மறுப்பதற்கில்லை. அதனால்தான் விட்டுக்கொடுப்பது எப்போது என்பது முக்கியமாகிறது. சிகரெட்டையே எடுத்துக்கொள்வோம், ஹண்டிங்டன் வீடுகளில் சண்டைக்கு அது பெரிய காரணம். ஒரு நாளைக்கு எத்தனை என்பதைச் சண்டை இல்லாத ஒரு நாளில் முடிவு செய்து, எந்தெந்த நேரம் என்று கடிகாரத்தோடு கட்டி, அவர் கேட்பதற்கு முன்பே கையில் கொடுத்துவிட வேண்டும். மறுத்து, அவர் கை ஓங்கிய பிறகு எடுத்துக் கொடுப்பதுதான் அடிப்பதற்குப் பாடம் நடத்துவது. பல வீடுகளில் இந்த இரண்டாவதுதான் நடக்கிறது. பகலெல்லாம் கண்டிப்பு, இரவு பயந்து சரணாகதி. தண்டித்துத் திருத்தலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தண்டனை வேலை செய்ய வேண்டுமானால், நேற்று பட்டதை இன்று கை ஓங்கும் நொடியில் மூளை நினைவுக்குக் கொண்டுவந்து கையை நிறுத்த வேண்டும். தேய்ந்துபோனது அந்த நிறுத்தும் இடம்தான்.

இவ்வளவு செய்தும் வெடிக்கும் நாட்கள் வரும். அப்போது நிரூபிக்கவோ திருத்தவோ எதுவும் இல்லை. குறுக்கே நிற்காமல், தொடாமல், கை எட்டாத தூரத்துக்கு விலகி, வாசல் உங்கள் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். ஒரே ஆள் மட்டும் தாழ்ந்த குரலில் பேசட்டும், மற்றவர்கள் வெளியே போகட்டும். எந்தப் பிள்ளை எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். நெருக்கமான தெருவின் ஒரே நன்மை, பத்தடியில் ஒரு நம்பகமான வீடு இருப்பது. அரிவாள்மணை, கத்தி, சுத்தியல் இவற்றுக்குப் பூட்டும் இடம் வேண்டும். சமையல் முடிந்ததும் காஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிவிட வேண்டும். கோபத்தில் இருக்கும்போது வாயில் மாத்திரையோ சாப்பாடோ திணிக்கவே கூடாது. விழுங்கும் திறன் குறைந்தவருக்குப் புரையேறி மூச்சு அடைத்துவிடும். அடங்கிய பிறகு சிலர் அழுவார்கள், சிலர் மறந்துவிடுவார்கள். அழுபவரைக் கூடுதலாகக் கவனியுங்கள், 1872 கட்டுரை சொன்ன தற்கொலை நாட்டம் இன்றும் அப்படியே இருக்கிறது. சாக வேண்டும் என்று அவர் சொன்னால் அதை மிரட்டல் என்று ஒதுக்காமல் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மருந்தைப் பற்றி, தூங்கவைத்து மரக்கட்டையாக்கிவிடுவார்கள் என்ற பயம் பரவலாக உண்டு. அளவு கூடினால் அப்படி ஆகும் என்பது உண்மை, அதற்கான மாற்று அளவைச் சரிசெய்வதுதான். தொடர்ந்த எரிச்சலுக்கு செர்ட்ரலின் போன்ற மருந்துகளை முதலில் தருவதையும், அடிதடி அளவுக்குப் போகும்போது ஒலன்சபின், ரிஸ்பெரிடோன் போன்றவற்றைச் சேர்ப்பதையும் நிபுணர்களின் வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. முதல் வகை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும்; பத்து நாளில் பலன் இல்லை என்று நிறுத்திவிடுவது குடும்பங்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. இரண்டாம் வகையில் ஒலன்சபின் பசியையும் எடையையும் கூட்டும். இளைத்துப்போகும் இந்த நோயாளிக்கு அது சில நேரம் உதவியாகவே அமைகிறது. எதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. ஸ்ரீராம்புரத்திலிருந்து ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்குப் போவது கடினமில்லை. பச்சை வழி மெட்ரோவில் லால்பாக் வரை போய் அங்கிருந்து ஆட்டோ பிடிக்கலாம். நரம்பியல், மனநலம், மரபணு ஆலோசனை மூன்றும் ஒரே வளாகத்தில் கிடைப்பது ஹண்டிங்டன் குடும்பத்துக்குப் பெரிய வசதி. பேய் பிடித்திருக்கிறது, கோயிலிலோ தர்காவிலோ கொண்டுபோய் விடலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். கும்பிட்டுவிட்டு வருவதில் தீங்கில்லை, விட்டுவிட்டு வருவதில்தான் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்தின் தர்கா ஊரான ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகி இறந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. வீட்டுக்குள் ஜன்னல் கம்பியில் கட்டிவைப்பதும் அதைவிட நல்லதல்ல. கட்டுண்ட துள்ளும் கைகால் காயப்படும், பயம் அடுத்த முறை இரட்டிப்பு வேகத்தோடு வரும்.

"நோயாளி என்று தெரிந்தும் போலீஸைக் கூப்பிடுவதா?" என்ற கூச்சத்தால் எலும்பு முறியும் வரை காத்திருக்கும் பெண்கள் உண்டு. அவர் குற்றவாளி இல்லை என்பதும் உங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல. அதே 2017 சட்டத்தின்படி, மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவரைக் காவல்துறை தன் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். லாக்கப்பில் வைக்கவே கூடாது. உயிருக்கோ உடலுக்கோ பெரிய ஆபத்து என்றால் பதிவுபெற்ற எந்த மருத்துவரும் அவசர சிகிச்சை தொடங்கலாம், அதற்கான வரம்பு 72 மணி நேரம். ஆனால் கதவைத் தட்டும் காவலருக்கு ஹண்டிங்டன் என்ற பெயரே புதிதாக இருக்கலாம். அவர் கண்ணுக்குத் தெரிவது தள்ளாடும் ஒரு ஆள், ரத்தம் வடியும் ஒரு பெண். இதற்காகவே, இது மூளை நோய், குடி அல்ல, இன்ன மருந்து சாப்பிடுகிறார், நிம்ஹான்ஸுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மருத்துவரிடம் கன்னடத்தில் ஒரு கடிதம் எழுதி வாங்கி, நாலு நகல் எடுத்து, ஒன்றை வீட்டு வாசலருகே, ஒன்றை அவர் சட்டைப் பையில், ஒன்றை நம்பகமான பக்கத்து வீட்டில், ஒன்றை உள்ளூர் காவல் நிலையத்தில் முன்கூட்டியே கொடுத்துவைப்பது நல்லது. சண்டை நடக்கும் இரவில் எழுதி வாங்க முடியாது. அதேபோல், அவர் தெளிவாக இருக்கும் ஒரு நாளில், சிகிச்சை முடிவுகளில் தன் சார்பில் பேச யார் என்று வெற்றுத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிவைக்கலாம். இப்படி நியமிக்கப்படுபவரை நியமனப் பிரதிநிதி என்கிறது சட்டம்; அவருடைய எழுத்துபூர்வச் சம்மதமும் வேண்டும். அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108. நள்ளிரவில் யாரிடமாவது பேசி வழி கேட்க வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் தமிழிலும் கன்னடத்திலும் கிடைக்கும்; அது நோயாளிக்கு மட்டுமல்ல, அவரைப் பார்த்துக்கொள்பவருக்கும்தான். மாதத்தில் இரண்டு நாளாவது வேறொருவர் பொறுப்பேற்க வேண்டும் என்று மைத்துனர்களிடமும் நாத்தனார்களிடமும் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். தூங்காதவரின் குரல் தானாகவே உயரும், அந்த உயர்ந்த குரல் நோட்டின் "முன்னால் நடந்தது" என்ற வரியில்தான் போய் நிற்கும்.